அத்தியாயம் 6: தெரிந்தவர் கட்சிக்காரராக வரும்போது

செங்காங்கில் அலுவலகம் போடுவதற்கான கணக்குகளைப் போன அத்தியாயத்தில் பார்த்தோம்: பிற நிறுவனத்தில் மூன்று ஆண்டு வேலை, நிறுவனம் நடத்துவதற்கான கட்டாயப் பயிற்சி, தொழில் காப்புறுதி, புளோக்கின் கீழே ஒரு கடையின் வாடகை. கதவைத் திறந்த பிறகு உள்ளே யார் வருவார்கள் என்பது இந்த அத்தியாயம்.

பெரும்பாலும் தெரிந்தவர்கள்தான் வருவார்கள். ரிவர்வேல் கிரசென்ட்டில் இருக்கும் அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயத்தில் பூசை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் தோளைத் தொடுவார். "தம்பி, நீங்க லாயர்தானே? ஒரு சின்ன விஷயம்." காம்பஸ் ஒன்னில் சாமான் வாங்க வரிசையில் நிற்கும்போது பிள்ளையின் பள்ளித் தோழனுடைய அப்பா கேட்பார். தமிழில் பேசும் வழக்கறிஞர் வேண்டுமென்றால் வடகிழக்கு ரயிலில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்கிப் பழகிய குடும்பங்கள் இவை. வீட்டுக்குக் கீழேயே நீங்கள் இருப்பது அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

உங்களுக்கும் அதுதான் வருமானம். ஆனால் சிறு நிறுவன வழக்கறிஞர்கள் ஒழுங்கு நடவடிக்கையில் சிக்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சட்டம் தெரியாமல் சிக்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். தெரிந்தவர்தானே என்று எழுதாமல் விட்டது, கேட்காமல் விட்டது, இன்னொருவர் வாயால் கேட்டதை அவர் வாயால் கேட்டதாக எடுத்துக்கொண்டது, இவற்றில் சிக்கியவர்களே அதிகம். "சின்ன விஷயம்" என்று தொடங்குகிற எதையும் நின்ற இடத்தில் முடிக்காதீர்கள். "அண்ணே, திங்கட்கிழமை ஆபீசுக்கு வாங்க, உட்கார்ந்து பேசுவோம்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

யாருக்காக நிற்கிறீர்கள்?

ஒரு மகன் வருகிறார். அம்மாவுக்கு 78 வயது. அம்மா பெயரில் நீண்டகால அதிகாரப் பத்திரம், எல்லாரும் சொல்லும் எல்பிஏ, போட வேண்டும். கட்டணத்தை மகன் கொடுக்கிறார். உங்களோடு வாட்ஸப்பில் பேசுவது மகன். பத்திரத்தில் அதிகாரம் பெறப்போவதும் மகன். இங்கே உங்கள் கட்சிக்காரர் யார்?

அம்மாதான். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் அன்றாட வேலையின் வேகத்தில் இது மறந்துபோகும். ஏனென்றால் தொலைபேசியில் பேசுவது, நேரம் குறிப்பது, பணம் அனுப்புவது எல்லாம் மகன்.

மனநலத் திறன் சட்டம் 2010 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சுயமாக முடிவெடுக்கும் திறன் இருக்கும்போதே, அதை இழக்க நேர்ந்தால் யார் தனக்காக முடிவெடுக்க வேண்டும் என்று ஒருவர் எழுதி வைக்க இந்தச் சட்டம் வழி செய்கிறது. பத்திரத்துக்குச் சான்று தர வழக்கறிஞருக்கும், மனநல மருத்துவருக்கும், இதற்கென்று அங்கீகாரம் பெற்ற மருத்துவருக்கும் அதிகாரம் உண்டு. பத்திரம் போடுபவர் அதைப் புரிந்துகொண்டார், யாரும் ஏமாற்றவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை என்பதற்கு நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள். உறவினராக இருந்தால் சான்று தர முடியாது. "சித்தப்பா முறைதானே, நீயே போட்டுடு" என்று கேட்பார்கள், மறுத்துவிடுங்கள்.

2022 நவம்பர் முதல் இந்த வேலை முழுவதும் பொதுக் காப்பாளர் அலுவலகத்தின் இணையத்தளத்தில், சிங்பாஸ் வழியாக நடக்கிறது. வசதிதான். ஆனால் அந்த 78 வயது அம்மாவின் கைபேசி யார் கையில் இருக்கிறது? சிங்பாஸின் ஆறு எண்கள் யாருக்குத் தெரியும்? பல வீடுகளில் பாட்டியின் சிங்பாஸைப் பேரப்பிள்ளைதான் திறக்கிறான். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அதுதான் வீட்டுப் பழக்கம். ஆகவே திரையில் நிரப்பி வந்திருப்பது அம்மா விரும்பியதுதானா என்று கண்டறியும் ஒரே இடம் உங்கள் மேசை. அங்கே மகனை வெளியே உட்கார வைக்க வேண்டும். "அஞ்சு நிமிஷம் அம்மாகூடத் தனியா பேசணும், இது சட்டம்" என்று சொல்லுங்கள். சட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் மகனுக்கும் மனத்தாங்கல் இருக்காது.

தனியாக இருக்கும்போது ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைக் கேட்காதீர்கள். "மகன் பேர்ல போட உங்களுக்குச் சம்மதமா?" என்றால் எல்லாத் தாயும் தலையாட்டுவாள். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க? யார்கூட இருக்கீங்க? பேங்க்ல காசு எடுக்கிறது இப்ப யாரு? நாளைக்கு உங்களுக்கு உடம்பு முடியாம போச்சுன்னா இந்தத் தாளை வச்சு மகன் என்னென்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் தன் வார்த்தையில் பதில் சொன்னால் மேலே போகலாம். "எனக்கு என்னப்பா தெரியும், அவன் பார்த்துக்குவான்" என்றால் அன்றைக்கு வேலை முடியவில்லை என்று பொருள்.

மகளையோ மருமகளையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். உங்களுக்குத் தமிழ் தெரியும் என்பதுதான் நீங்கள் செங்காங்கில் உட்கார்ந்திருப்பதற்கே காரணம். அதைப் பயன்படுத்துங்கள்.

உயில்

இந்த அத்தியாயத்தில் கொஞ்சம் நின்று படிக்க வேண்டிய இடம் இது. உயிலைச் சுலபமான வேலை என்று நினைத்துக் குறைந்த கட்டணத்துக்கு எடுப்பவர்கள் நிறைய. சிங்கப்பூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-லேயே, லோ ஆ சியோ வழக்கில், உயில் தயாரிப்பதைப் படிவம் நிரப்பும் வேலையாக வழக்கறிஞர்கள் எடுத்துக்கொள்வதைக் கடிந்துகொண்டது. அதற்குப் பிறகு எத்தனையோ தீர்ப்புகள் வந்துவிட்டன. பழக்கம் மட்டும் மாறவில்லை.

இந்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் உயில் வழக்கைப் பார்ப்போம். லீ குவான் இயூ தமது கடைசி உயிலில் 2013 டிசம்பர் 17 அன்று கையெழுத்திட்டார். அதைத் தயாரித்துக் கையெழுத்தாக்கும் ஏற்பாட்டில் அவருடைய மருமகளும் மூத்த வழக்கறிஞருமான லீ சுவெட் ஃபெர்ன் ஈடுபட்டார். அவருடைய கணவர் அந்த உயிலில் பங்கு பெறுபவர்களுள் ஒருவர். விவகாரம் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு வரை போய், 2020 நவம்பரில் அவருக்கு 15 மாதத் தொழில் தடை விதிக்கப்பட்டது. அரசியலை விட்டுவிட்டுத் தீர்ப்பின் ஒரு முடிச்சை மட்டும் பாருங்கள். அவருக்கும் மாமனாருக்கும் இடையே வழக்கறிஞர், கட்சிக்காரர் என்ற உறவு இருந்ததாக நீதிமன்றம் ஏற்கவில்லை. அப்படியும் தண்டித்தது. வழக்கறிஞராக இருப்பவர் அந்த இடத்தில் அப்படி நடந்துகொண்டிருக்கக் கூடாது என்பதே காரணம்.

நம் தொழிலில் இதன் பொருள் மிகக் கடுமையானது. "நான் ஃபீஸே வாங்கலையே, குடும்பத்துக்கு உதவிதானே செஞ்சேன்" என்பது காப்பாற்றாது. உங்களுக்கோ, உங்கள் மனைவிக்கோ, கணவருக்கோ, பிள்ளைக்கோ பங்கு வரும் உயிலைத் தொடாதீர்கள். சொந்தக்காரருக்கு உதவ வேண்டுமென்றால் அவர் வேறு வழக்கறிஞரிடம் போக வழி சொல்லுங்கள். வேண்டுமானால் வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் விடுங்கள், உள்ளே போகாதீர்கள்.

ஸ்காட்லாந்தில் சொலிசிட்டர் வேறு, அட்வகேட் வேறு. பத்திரம் எழுதும் கை ஒன்று, உயர் நீதிமன்றத்தில் பேசும் வாய் பெரும்பாலும் இன்னொன்று. நமக்கு இரண்டும் ஒரே ஆள். அதனால் ஒரு சிக்கல்: நீங்கள் எழுதிய உயில் நாளை வழக்காக மாறினால் நீங்கள்தான் முதல் சாட்சி. சாட்சியாக ஏற வேண்டியவர் அதே வழக்கில் வாதாட முடியாது. அன்று உங்களைக் காப்பாற்றப்போவது நினைவாற்றல் இல்லை, கோப்பில் இருக்கும் குறிப்பு. அதைத் தமிழிலேயே எழுதலாம். ஒரு மாதிரி:

"மார்ச் 12, மாலை 4.10. திருமதி க. (78) மகனுடன் வந்தார். மகன் வெளியே அமர்ந்தார். 4.15 முதல் 4.50 வரை தனியாகப் பேசினோம், தமிழில். இன்றைய தேதி, வீட்டு முகவரி, மூன்று பிள்ளைகளின் பெயர் தாமாகச் சொன்னார். மூத்த மகளுக்கு ஏன் எதுவும் இல்லை என்று கேட்டேன். 'அவளுக்குக் கல்யாணத்தப்பவே நகையும் காசும் குடுத்துட்டேன்' என்றார். முன்பு உயில் எழுதியதில்லை என்றார். வீடு இரண்டாவது மகனோடு கூட்டாக இருக்கிறது. எந்த வகை என்று தெரியவில்லை. பதிவைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன். இன்று கையெழுத்து இல்லை."

இதில் மூத்த மகளைப் பற்றிய வரிதான் தங்கம். வழக்கு வந்தால் அந்த மகள்தான் தொடுப்பார். கடைசி வாக்கியத்தையும் கவனியுங்கள். வந்த நாளிலேயே கையெழுத்து வாங்காதீர்கள்.

மருத்துவமனைப் படுக்கை விதிவிலக்கு. செங்காங் பொது மருத்துவமனை 2018-இல் திறந்ததிலிருந்து இந்த வட்டாரத்து வழக்கறிஞர்களுக்கு அவசர அழைப்புகள் அங்கிருந்து வருவது வழக்கமாகிவிட்டது. "இன்னைக்கே வரணும் தம்பி, டாக்டர் கையை விரிச்சுட்டார்." போக வேண்டியதுதான். ஆனால் கிளம்பும் முன் நோயாளியின் மருத்துவரிடம், இவர் புரிந்து முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறாரா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கப் பாருங்கள். எந்த மருந்தில் இருக்கிறார், எந்த நேரத்தில் தெளிவாக இருப்பார் என்று தாதியிடம் கேளுங்கள். அழைத்தவர் உயிலில் பங்கு பெறுபவரா என்று கேட்க மறக்காதீர்கள். சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் படுக்கையருகே நிற்க வேண்டும். பங்கு பெறுபவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது போய்விடும். பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினரைச் சாட்சியாக இழுத்துப் போடுவதைவிட உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரை டாக்சியில் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

உயிலுக்குள் வராதவற்றைப் பற்றிக் கட்சிக்காரருக்குச் சொல்லியே ஆக வேண்டும். மத்திய சேம நிதி உயிலில் அடங்காது. அதற்கு நிதிக் கழகத்தில் தனியாக நியமனம் செய்ய வேண்டும். திருமணம் செய்துகொண்டால் பழைய நியமனம் தானாகவே செல்லாததாகிவிடும். மணவிலக்கு அப்படிச் செய்யாது, பிரிந்துபோன மனைவி பெயரிலேயே பணம் இருக்கும். மறுமணம் செய்யாமல், நியமனத்தையும் மாற்றாமல் இறந்தவர்களின் அம்மாக்கள் உங்களிடம் வந்து அழுவார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு கணவன் மனைவி கூட்டு உரிமையில் இருந்தால், ஒருவர் போனதும் மற்றவருக்கு முழுதாகப் போய்ச் சேரும். உயிலில் என்ன எழுதியிருந்தாலும் அந்த வீட்டைத் தொடாது. முஸ்லிம் அல்லாதவருக்குத் திருமணம் பழைய உயிலையும் ரத்து செய்துவிடும். தமிழ் முஸ்லிம் குடும்பம் வந்தால் கணக்கே வேறு: முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம், ஷரியா நீதிமன்றம் தரும் வாரிசுச் சான்றிதழ், ஃபராயித் பங்கு. அதில் அனுபவம் இல்லையென்றால் அனுபவமுள்ளவரிடம் அனுப்பிவிடுங்கள். நாகூரிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வந்த குடும்பங்கள் செங்காங்கில் உண்டு. "தமிழ்தானே" என்று எல்லாருக்கும் ஒரே உயில் மாதிரியைக் கொடுப்பவர்களும் உண்டு.

ஒருமித்துப் பிரிபவர்கள்

2024 ஜூலை 1 முதல், இருவரும் ஒப்புக்கொண்டு மணவிலக்குக் கேட்கலாம். யார் தப்பு என்று ஒருவர்மேல் ஒருவர் பழி எழுத வேண்டியதில்லை. நல்ல மாற்றம். அதன் பின்விளைவாக, கணவனும் மனைவியும் ஒன்றாகவே உங்கள் கதவைத் தட்டுவார்கள். "நாங்க சண்டை போடலை, ரெண்டு பேருக்கும் நீங்களே பார்த்துக்குங்க." ஐந்து ஆண்டு குடியிருப்புக் கெடு முடிந்த ஃபெர்ன்வேல் வீடு, இரண்டு பிள்ளைகள், கார் கடன்.

பிரிவதில்தான் அவர்கள் ஒத்துப்போகிறார்கள். வீட்டை விற்பதா, வைத்துக்கொள்வதா, சேம நிதிக்கு எவ்வளவு திரும்பக் கட்டுவது, பிள்ளைகள் எந்த நாளில் யாரிடம் என்பதில் ஒவ்வொருவர் நலமும் வேறு. ஒருவருக்கு மட்டும் நில்லுங்கள். மற்றவரிடம், "நான் உங்களுக்கு வழக்கறிஞர் இல்லை, வேறு ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிய தம்பதியாக இருந்தால் இருவரையுமே வேறிடம் அனுப்புவது உத்தமம்.

பணம்

2006-இல் டேவிட் ராசிஃப் என்ற வழக்கறிஞர் ஒரு கோடி வெள்ளிக்கு மேல் கட்சிக்காரர் பணத்தோடு நாட்டை விட்டு ஓடினார். வீடு வாங்கக் கொடுத்த பணமும் அதில் இருந்தது. அதன் பிறகுதான் விதிகள் இறுகின. 2011 ஆகஸ்ட் 1 முதல் வீட்டு விற்பனைப் பணத்தைச் சாதாரண கட்சிக்காரர் கணக்கில் வைக்க முடியாது. அதற்கென்ற தனிக் கணக்கோ, சிங்கப்பூர் சட்ட அகாடமியின் சேவையோ வேண்டும். வீடு அல்லாத பணத்துக்கு இந்தக் கவசம் இல்லை. 2019-இல் ஜேஎல்சி அட்வைசர்ஸ் நிறுவனத்தில் அலைட் டெக்னாலஜிஸின் சுமார் 3.3 கோடி வெள்ளி காணாமல் போனது அப்படித்தான். அதைக் கையாடிய அந்நிறுவன வழக்கறிஞருக்கு 2023-இல் 19 ஆண்டுச் சிறை.

நீங்கள் ஓடப்போவதில்லை. உங்கள் ஆபத்து சிறியது, ஆனால் அடிக்கடி வருவது. "அஞ்சாயிரம் வெள்ளி உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி, அப்புறம் கணக்குப் பார்ப்போம்" என்று பேநவ்வில் உங்கள் சொந்தக் கணக்குக்கு அனுப்பிவிடுவார்கள். அன்றே கட்சிக்காரர் கணக்குக்கு மாற்றி, ரசீது கொடுங்கள். அதைச் செலவழிக்காமல் வைத்திருந்தாலும் குற்றம் குற்றமே.

அடுத்தது, பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. 2023 ஆகஸ்ட் 15 அன்று பத்து வெளிநாட்டவர்கள் கைதான 300 கோடி வெள்ளி கள்ளப்பண வழக்குக்குப் பிறகு வீடு வாங்கும் வேலை பார்க்கும் ஒவ்வொரு வழக்கறிஞர்மேலும் கண் இருக்கிறது. அந்தப் பெரும்புள்ளிகள் செங்காங்குக்கு வரமாட்டார்கள். இங்கே வருவது வேறு: "வீடு என் பேர்ல, காசு மச்சான் போடுறான்." மச்சான் ஏன் தன் பெயரில் வாங்கவில்லை? பெரும்பாலும் கூடுதல் முத்திரை வரிக்காக. 2023 ஏப்ரல் 27 முதல் சிங்கப்பூரர் இரண்டாவது வீடு வாங்கினால் 20 விழுக்காடு, வெளிநாட்டவருக்கு 60 விழுக்காடு. அதைத் தவிர்க்க 99-க்கு 1 என்று பங்கு பிரித்து எழுதும் வித்தையை வரி ஆணையம் வரித் தவிர்ப்பு ஏற்பாடாகவே பார்க்கிறது. வரியோடு 50 விழுக்காடு மேல்கட்டணமும் போடுகிறது. வீவக வீடாக இருந்தால் கழகத்தின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் "அவனுக்காக நான் வைத்திருக்கிறேன்" என்ற ஏற்பாடே செல்லாது. மச்சானுக்கு வீடும் இல்லை, காசும் இல்லை. கோவிலில் தெரிந்தவர் என்பதற்காக அடையாள அட்டை பார்ப்பதையும் பண மூலம் கேட்பதையும் விடக் கூடாது. சந்தேகம் வந்தால் போலீசின் சந்தேகப் பரிவர்த்தனை அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிந்ததைக் கட்சிக்காரரிடம் சொன்னால் அதுவே தனிக் குற்றம்.

கட்டணம் பற்றிச் சுருக்கமாக. "ஜெயிச்சா பாதி உங்களுக்கு" என்று சொன்னால் சிரித்துவிட்டு மறுத்துவிடுங்கள். வெளிநாட்டில் நடந்த விபத்தின் இழப்பீட்டில் பங்கு பேசியதற்காக 2013-இல் ஒரு வழக்கறிஞருக்கு ஆறு மாதத் தடை விதிக்கப்பட்டது. 2022 மே முதல் நிபந்தனைக் கட்டணம் அனுமதிக்கப்பட்டது நடுவர் தீர்ப்பு போன்ற சில வகைகளுக்கு மட்டும். புளோக்கின் கீழே நீங்கள் பார்க்கும் வேலைக்கு அது பொருந்தாது. வேலை பிடித்துத் தரும் வீட்டு முகவருக்குக் கமிஷன் கொடுப்பதும் கூடாது. இருபது ஆண்டுக்கு முன் ஆள் வைத்துப் பிடித்து அடுத்தடுத்து வழக்கறிஞர்களைத் தண்டித்த விஷயம் இது. தீபாவளிக்கு முறுக்கு டப்பா கொடுங்கள், போதும்.

ஊர்ச் சொத்து

செங்காங்கில் தமிழ் வழக்கறிஞரிடம் மட்டும் வரும் ஒரு வேலை இருக்கிறது. புதுக்கோட்டையிலோ தஞ்சாவூரிலோ பரம்பரை நிலம். அண்ணன் ஊரில், தம்பி இங்கே. "விக்கிறதுக்கு அண்ணன் பேர்ல பவர் எழுதிக் குடுங்க."

உங்களால் செய்ய முடிந்ததும் முடியாததும் இங்கே தெளிவாகப் பிரிய வேண்டும். நிலம் இருக்கும் ஊரின் சட்டமே அந்த நிலத்தை ஆளும். கட்சிக்காரர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தாலும் அந்த நிலத்தில் அவர் பங்கு எவ்வளவு, அக்காளுக்கு எவ்வளவு என்பதை இந்தியச் சட்டம் சொல்லும். அதைப் பற்றி நீங்கள் கருத்துச் சொல்லாதீர்கள். காப்புறுதியும் உங்களைக் காப்பாற்றாது. ஊரில் ஒரு வழக்கறிஞர் தயாரித்த வாசகத்தை வாங்கி வரச் சொல்லுங்கள்.

நீங்கள் நோட்டரி பப்ளிக் ஆக இருந்தால் கையெழுத்துக்குச் சான்று தரலாம். அதன் மேல் சிங்கப்பூர் சட்ட அகாடமியில் அப்போஸ்டில் வாங்க வேண்டும். சிங்கப்பூரில் அப்போஸ்டில் உடன்பாடு 2021 செப்டம்பர் 16 முதல் நடப்பில் இருக்கிறது, இந்தியா அதற்கு முன்பே உறுப்பினர். சில சார்பதிவாளர்கள் இன்னமும் கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தின் முத்திரையைத்தான் கேட்பார்கள். ஆகவே பத்திரம் எந்த அலுவலகத்துக்குப் போகிறதோ அங்கே முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். பத்திரம் இந்தியாவுக்குள் போன மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்கிறது இந்திய முத்திரைச் சட்டம். இந்த ஒரு வரியைக் கடிதத்தில் எழுதிக் கொடுக்காததால் கூரியர் உறையோடு அலமாரியில் கிடந்த பத்திரங்கள் ஏராளம்.

இன்னொன்று. விற்க மட்டும் அதிகாரமா, பணம் வாங்கவும் அதிகாரமா என்று தம்பியிடம் தனியாகக் கேளுங்கள். அண்ணன் பெயரில் முழு அதிகாரம் எழுதிவிட்டு, பிறகு விலை தெரியாமல் இங்கே உட்கார்ந்திருக்கும் தம்பிகளை நீங்கள் சந்திப்பீர்கள்.

கைபேசியும் செயற்கை நுண்ணறிவும்

உச்ச நீதிமன்றம் முதல் குடும்ப நீதிமன்றம் வரை பொருந்தும் பதிவாளர் சுற்றறிக்கை 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தத் தடை இல்லை; எதைத் தாக்கல் செய்தாலும் அதற்கு நீங்களே பொறுப்பு. 2025-இல், இல்லாத வழக்கு ஒன்றை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர் தன் கையிலிருந்து 800 வெள்ளி கட்ட வேண்டி வந்தது. தொகை சிறியது, ஆனால் தீர்ப்பில் பெயர் அச்சாகிவிட்டது. இளையவர் தேடித் தந்தது என்ற சமாதானமும் எடுபடவில்லை.

தமிழ்க் கட்சிக்காரர்கள் விஷயத்தில் இன்னொரு சோதனை இருக்கிறது. பத்து நிமிடக் குரல் செய்தியைத் தமிழில் அனுப்புவார்கள். அதை இலவச மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ஆங்கிலத்தில் எடுத்துப் பிரமாணப் பத்திரத்தில் ஒட்டத் தோன்றும். வேண்டாம். ரகசியம் வெளியே போகிறது என்பது ஒரு காரணம். "அடிச்சான்" என்று அவர் சொன்னது கையால் அடித்ததையா, சாராயம் அடித்ததையா என்று செயலிக்குத் தெரியாது என்பது இன்னொன்று. நீங்களே கேட்டு, நீங்களே எழுதி, அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். வாசித்துக் காட்டிய நேரத்தையும் கோப்பில் குறியுங்கள்.

வாட்ஸப்பில் ஆலோசனை சொல்லும் பழக்கம் தவிர்க்க முடியாதது. பேசி முடித்த அன்றே ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்பிவிடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் செய்தியில் அனுப்பாதீர்கள். கணக்கு மாறிவிட்டது என்று உங்கள் பெயரில் வரும் மின்னஞ்சலை நம்பாமல், உங்களுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும்படி கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். 2024 ஏப்ரலில் ஷுக் லின் அண்ட் போக் போன்ற பெரிய நிறுவனத்தின் கணினிகளையே பிணைப்பண மென்பொருள் முடக்கியது. மூன்று பேர் வேலை பார்க்கும் உங்கள் அலுவலகத்துக்குத் தனிப் பாதுகாப்பு ஏதும் இல்லை.

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம்

வீட்டுக்குக் கீழே இருக்கும் வழக்கறிஞரிடம் எல்லா வேலையும் வரும், நீங்கள் செய்யத் தேவையில்லாத வேலையும் சேர்த்து. 20,000 வெள்ளிக்குட்பட்ட சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் வாதாட முடியாது. கட்சிக்காரரையே பதிவு செய்யச் சொல்லி, எந்தப் படிவம், எந்த ரசீது என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். வசதி இல்லாதவரைச் சட்ட உதவிப் பிரிவுக்கோ, குற்ற வழக்கென்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகத்துக்கோ, புரோ போனோ எஸ்ஜிக்கோ அனுப்புங்கள். அங்கே போய் வந்தவர் அடுத்த முறை உயிலுக்கு உங்களிடம்தான் வருவார்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அறிமுகத்தில் வந்த கடைசி ஐந்து கோப்புகளை எடுத்து மேசையில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் நியமனக் கடிதம் இருக்கிறதா, கட்டணம் எழுதியிருக்கிறதா, கட்சிக்காரர் யார் என்று ஒரே பெயர் இருக்கிறதா, தனியாகப் பேசிய குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எதில் இல்லையோ அந்தக் கட்சிக்காரரை இந்த வாரமே அழைத்து, உட்கார வைத்து, எழுதி முடித்துவிடுங்கள்.